கூப்பிடுகிறவர் ஒருவர், கூலி கொடுக்கிறவர் ஒருவர்

(சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயம் கிரேன் வண்டி. சங்கக் கூட்டம் என்றால் மொழி உரிமை பேசுவார்கள், கூலி உயர்வு பேசுவார்கள், கிரேனைப் பற்றி என்ன பேச்சு என்று சிலர் நினைக்கலாம். இந்தக் கூடத்தில் ஆட்டோ ஓட்டுகிறவர்கள் எத்தனை பேர்? காய்கறி வேனும் மாங்காய் லோடும் ஓட்டுகிறவர்கள் எத்தனை பேர்? வண்டி ஒரு நாள் நின்றால் அடுப்பும் ஒரு நாள் நிற்கிற வீடுகள் நம் வீடுகள். ஆகவே இதுவும் நம் கூலிப் பிரச்சினைதான்.

ஒரு மாங்காய்ப் பருவத்தில் நம் தோழர் ஒருவருடைய சிறிய லாரி, சித்தூரிலிருந்து திருப்பதி போகும் சாலையில், நடு இரவில் அச்சு முறிந்து நின்றுவிட்டது. ரோந்து வந்த போலீஸ்காரர் வண்டியை உடனே அப்புறப்படுத்த வேண்டும் என்றார். அது அவர் கடமை. அதில் நாம் குறை சொல்ல ஒன்றுமில்லை. இருட்டில் நிற்கும் லாரியின் மேல் பஸ் வந்து மோதினால் போகிற உயிர்களில் நம் ஜனங்களின் உயிரும் இருக்கும். அவரே போன் போட்டு ஒரு கிரேனை வரவழைத்தார். வண்டியைத் தூக்கிய பிறகுதான் கிரேன்காரர் தொகையைச் சொன்னார். கொண்டுபோய் நிறுத்திய இடத்தில் நாள் வாடகை வேறு. ரசீது கேட்டதற்கு, "போலீஸ் சொல்லி வந்த வண்டி, இதற்கெல்லாம் ரசீது கிடையாது" என்று பதில். மூன்றாம் நாள் பணம் புரட்டிக்கொண்டு நாங்கள் நாலு பேர் போய் வண்டியை மீட்டபோது, பாதி மாங்காய் அழுகி நீர் வடிந்துகொண்டிருந்தது.

இங்கே யார் மேல் தவறு என்று நாம் தேட வரவில்லை. எந்த முறை தவறு என்றுதான் கேட்கிறோம்.

எங்களைப் போன்ற ரயில்வே குமாஸ்தாக்களுக்கு இது நன்றாக விளங்கும். கூட்ஸ் ஷெட்டில் வாகனை நேரத்துக்குள் காலி செய்யாவிட்டால் டெமரேஜ் உண்டு. இறக்கிய சரக்கை நேரத்துக்குள் எடுக்காவிட்டால் வார்ஃபேஜ் உண்டு. வியாபாரிக்கு அது கசக்கும். ஆனால் ரேட் எழுத்தில் இருக்கிறது; இத்தனை மணி நேரம் இலவசம் என்பதும் எழுத்தில் இருக்கிறது. கட்டிய பணத்துக்கு ரசீது உண்டு. கவுண்டரில் உட்கார்ந்திருக்கிற குமாஸ்தா தன் இஷ்டத்துக்கு ஒரு ரூபாய் கூட்ட முடியாது. ரயில்வேயில் இருக்கிற இந்த ஒழுங்கு ரோட்டில் ஏன் இருக்கக் கூடாது?

சட்டம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 127ஆவது பிரிவு இதைப் பற்றியதுதான். பொது இடத்தில் பத்து மணி நேரமோ அதற்கு மேலோ கேட்பாரற்று நிற்கும் வண்டியையும், நிறுத்தக் கூடாத இடத்தில் நிறுத்திய வண்டியையும் அகற்ற, சீருடையில் உள்ள போலீஸ் அதிகாரி உத்தரவிடலாம். நொறுங்கியோ எரிந்தோ கைவிடப்பட்டோ போக்குவரத்துக்கு ஆபத்தாக நிற்கும் வண்டி என்றால் உடனே அகற்றலாம். இழுத்துச் செல்லும் செலவு முழுவதும் வண்டிச் சொந்தக்காரர் தலையில். அதுபோக, பொது இடத்தில் வண்டியை நிறுத்தி வழியை மறித்தால் 201ஆவது பிரிவின்படி, 2019 திருத்தத்துக்குப் பிறகு, 500 ரூபாய் வரை அபராதம்.

உத்தரவு போடுகிறவர் யார் என்று அந்தப் பிரிவில் இருக்கிறது. பணம் கொடுக்கிறவர் யார் என்றும் இருக்கிறது. எவ்வளவு என்பது மட்டும் அதில் இல்லை! பேரம் பேசிக் கிரேன் பிடிக்கிற வசதி நமக்கு இல்லை. கூப்பிட்டவருக்கோ செலவு இல்லை. ஒருவர் கூப்பிட, இன்னொருவர் விலை சொல்ல, மூன்றாமவர் கொடுக்கிறார். இப்படிப்பட்ட இடத்தில்தான் நகராட்சி நடுவில் வந்து நிற்க வேண்டும். வண்டிகள் நிற்கும் இடங்களைத் தீர்மானிக்கும்போது உள்ளாட்சி மன்றத்தைக் கலந்துகொள்ள வேண்டும் என்று அதே சட்டத்தின் 117ஆவது பிரிவு சொல்கிறது. நிறுத்தும் இடத்துக்கு மன்றத்தின் குரல் உண்டென்றால், தூக்கும் கூலிக்கும் அந்தக் குரல் வேண்டாமா?

நம்மில் பலருக்குப் பிழைப்பு தருகிற பெங்களூரைப் பாருங்கள். அங்கே வண்டி தூக்கும் வேலை தனியார் ஒப்பந்தக்காரர்களிடம் இருந்தது. எத்தனை வண்டி தூக்குகிறோமோ அத்தனை வரும்படி என்றால் கை சும்மா இருக்குமா? ஜனங்களின் கோபம் முற்றி, மாற்றுத்திறனாளிப் பெண் ஒருவரைப் போக்குவரத்துப் போலீஸ் அதிகாரி உதைத்த காட்சியும் வெளிவந்தபின், 2022 பிப்ரவரியில் கர்நாடக அரசு அந்த முறையையே நிறுத்தி வைத்தது. முறையை முதலிலேயே ஒழுங்காக வகுத்திருந்தால் அந்த நிலை வந்திருக்காது.

அமெரிக்காவில் பல ஊர்களில் வேறு வழக்கம். போலீஸ் கூப்பிடக்கூடிய கிரேன் கம்பெனிகளின் பட்டியல் ஒன்று இருக்கும். முறை வைத்துத்தான் அழைக்க வேண்டும். அதிகபட்சக் கட்டணமும் வகுக்கப்பட்டிருக்கும். கிரேன் முதலாளிகள் இதை எதிர்த்துக் கோர்ட்டுக்கும் போனார்கள். பாதுகாப்புக்காகக் கிரேன்களை ஒழுங்குபடுத்தும் அதிகாரத்தை மாநிலம் நகராட்சியிடம் ஒப்படைக்கலாம் என்று, ஒஹையோ மாநிலத்துக் கொலம்பஸ் நகரத்தின் வழக்கில், அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2002இல் தீர்ப்பளித்தது.

அதே 2002இல் நம் உச்ச நீதிமன்றமும், சுந்தர்பாய் அம்பாலால் தேசாய் வழக்கில், பிடித்த வண்டிகளைப் போலீஸ் நிலையத்தில் நெடுநாள் போட்டு வைப்பதில் பயனில்லை, போட்டோ எடுத்து ஜாமீன் பத்திரம் வாங்கிக்கொண்டு சீக்கிரம் விடுவிக்க வேண்டும் என்று சொன்னது. விபத்தில் சிக்கிய வண்டியைப் பரிசோதனைக்கு எடுத்துச் சென்றால், எங்கே வைத்திருக்கிறார்கள் என்று சொந்தக்காரருக்குத் தெரிவித்து, வேலை முடித்து 24 மணி நேரத்துக்குள் திருப்பித் தர வேண்டும் என்பது 136ஆவது பிரிவு. இந்தப் பிரிவை வீட்டுச் சுவரில் எழுதி வையுங்கள்!

ஆகவே சித்தூர் மாநகராட்சியிடமும் திருப்பதி மாநகராட்சியிடமும் நம் கோரிக்கைகள் இவை. வண்டி வகைவாரியாகத் தூக்குகூலியும் நாள் வாடகையும் மன்றத் தீர்மானமாக நிறைவேற வேண்டும். போலீஸ் அழைக்கும் கிரேன்கள் பட்டியலில் பதிவாகி, முறைப்படி அழைக்கப்பட வேண்டும். எண்ணிட்ட ரசீது இல்லாமல் ஒரு பைசா வாங்கக் கூடாது. அழுகும் சரக்கை இறக்கிக்கொள்ள உடனே அனுமதி வேண்டும். ரேட் பலகை தெலுங்கிலும் தமிழிலும் இருக்க வேண்டும். நகர எல்லைக்கு வெளியே நடப்பதற்கு மாவட்டச் சாலைப் பாதுகாப்புக் குழு பொறுப்பேற்க வேண்டும். 2022 ஏப்ரல் 4 முதல் சித்தூரும் திருப்பதியும் தனித்தனி மாவட்டங்கள். ஆகவே மனுவும் இரண்டாகப் போக வேண்டும்.

அதுவரை நாம் செய்ய வேண்டியதும் உண்டு. உத்தரவிட்ட அதிகாரியின் பெயரையும் நிலையத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். தூக்குவதற்கு முன் வண்டியையும் சரக்கையும் போனில் படம் எடுங்கள். கட்டணம் வாங்குகிற தேசிய நெடுஞ்சாலை என்றால் 1033க்குப் பேசுங்கள். அங்கே கிரேன் வைத்திருப்பது சாலை நடத்துகிறவர்களின் பொறுப்பு. கட்டணத் தீர்மானம் இருக்கிறதா, நகல் எங்கே என்று தகவல் உரிமைச் சட்டப்படி கேளுங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும்.

கடைசியாக ஒரு வார்த்தை. இது தமிழருக்கு மட்டும் வந்த கஷ்டம் அல்ல. பக்கத்து ஸ்டாண்டில் நிற்கிற தெலுங்கு டிரைவரும் அதே கிரேனுக்கு அதே பணத்தைத்தான் கொடுக்கிறார். அவரையும் அழைத்துக்கொண்டு மனுவில் கையெழுத்து வாங்குங்கள். மொழி இரண்டானாலும் ரோடு ஒன்றுதான். கையெழுத்துத் தாள்கள் வாசலில் மேசைமேல் இருக்கின்றன. யாரும் கையெழுத்திடாமல் வீடு திரும்ப வேண்டாம் என்று கேட்டுக்கொண்டு விடைபெறுகிறோம்.