பெற்றோர் தரும் சரிபாதி: அரிவாள் செல் இரத்தசோகையும் மரபின் கணக்கும்

(அரசு அலுவலர்களுக்கும் கல்லூரி மாணவர்களுக்கும் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



மத்தியப் பிரதேசத்தின் ஷாடோல் நகரில் 2023ஆம் ஆண்டு ஜூலை முதல் நாளன்று தேசிய அரிவாள் செல் இரத்தசோகை ஒழிப்பு இயக்கம் தொடங்கி வைக்கப்பட்டது. 17 மாநிலங்களைச் சேர்ந்த 278 மாவட்டங்கள் அதன் எல்லைக்குள் கொண்டுவரப்பட்டன. பழங்குடி மக்கள் மிகுந்து வாழும் பகுதிகளில், பிறந்த குழந்தை முதல் 40 வயதினர் வரை ஏழு கோடிப் பேரின் இரத்தத்தைச் சோதிப்பது முதற்கட்ட இலக்கு. 2047ஆம் ஆண்டுக்குள் இந்நோயைப் பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்னும் நிலையிலிருந்து அகற்றுவது இறுதி இலக்கு.

ஏழு கோடி என்னும் எண்ணிக்கையை எட்டுவது நிர்வாகத்துக்குப் புதிய வேலையன்று. பெரியம்மை ஒழிப்பும் போலியோ ஒழிப்பும் இந்நாடு கண்ட வெற்றிகள். ஆயினும் அவற்றுக்கும் இதற்கும் அடிப்படையிலேயே ஒரு வேறுபாடு உண்டு. அரிவாள் செல் இரத்தசோகையைக் கொசு பரப்புவதில்லை, குடிநீர் பரப்புவதில்லை, தொடுதலாலும் அது வருவதில்லை. தாயும் தந்தையும் தம் இனச்செல்களின் வழியே பிள்ளைக்குக் கொடுக்கும் மரபுச் சொத்தின் ஒரு பகுதியாகவே அது வந்து சேருகிறது. அந்த வழியை அறியாமல் இத்திட்டத்தைச் செயல்படுத்த முனைந்தால், நன்மை செய்யப் போன இடத்தில் தீங்கு விளையக்கூடும். திருமணங்கள் முறியலாம், தாய்மார்கள் பழிக்கப்படலாம், நலமாயிருப்பவர் நோயாளி என்று முத்திரை குத்தப்படலாம். ஆதலின் உயிரியலின் இந்தச் சிறு பகுதியை அலுவலரும் மாணவரும் ஐயமறத் தெரிந்துகொள்வது இன்றியமையாதது.

செல்லுக்குள் நடக்கும் பங்கீடு

மனித உடலின் செல்களில் 46 குரோமோசோம்கள் உள்ளன. நெடுங்காலம் 48 என்றே நூல்களில் எழுதப்பட்டு வந்த இவ்வெண்ணிக்கையை 1956ஆம் ஆண்டில் ஜியோ, லெவான் என்னும் இரு ஆய்வாளர்கள் திருத்தி உறுதி செய்தனர். இந்த 46-உம் 23 இணைகளாக அமைந்தவை. ஒவ்வோர் இணையிலும் ஒன்று தந்தையிடமிருந்தும் மற்றொன்று தாயிடமிருந்தும் வந்தது.

தோலிலும் எலும்பு மஞ்சையிலும் செல்கள் பெருகும்போது 46 குரோமோசோம்களும் படியெடுக்கப்பட்டு, புதிய செல்கள் இரண்டிலும் முழுமையாக இடம்பெறுகின்றன. விந்தணுவும் முட்டையும் உருவாகும்போது மட்டும் இயற்கை வேறொரு முறையைக் கையாளுகிறது. குரோமோசோம்கள் ஒரே ஒரு முறை படியெடுக்கப்படுகின்றன. செல்லோ அடுத்தடுத்து இருமுறை பிரிகிறது. இதன் முடிவில் ஒவ்வோர் இனச்செல்லிலும் 23 குரோமோசோம்களே எஞ்சுகின்றன. இதற்குக் குன்றல் பகுப்பு என்று பெயர். ஆணிடம் இதன் விளைவாக நான்கு விந்தணுக்கள் தோன்றுகின்றன. பெண்ணிடம் ஒரு முட்டை மட்டுமே நிலைபெற, மற்றவை மிகச் சிறிய துருவச் செல்களாகி அழிகின்றன.

இப்பகுப்பு இல்லாவிடில் தலைமுறைதோறும் குரோமோசோம்களின் எண்ணிக்கை இரட்டித்துக்கொண்டே போகும். 46 என்பது 92 ஆகி, 92 என்பது 184 ஆகும், உயிர் நிலைக்காது. பாதியாகக் குறைந்த இரு இனச்செல்கள் கூடும்போதுதான் 46 என்னும் எண்ணிக்கை மீண்டும் நிறைவு பெறுகிறது.

இங்கு கவனிக்கத்தக்க செய்தி ஒன்று உண்டு. இணையாக இருந்த இரு குரோமோசோம்களுள் எது எந்த இனச்செல்லுக்குச் செல்லும் என்பதற்கு விதி எதுவுமில்லை. நாணயத்தைச் சுண்டிவிடுவது போன்றதே. ஓர் இணையின் பிரிவு மற்றோர் இணையின் பிரிவைக் கட்டுப்படுத்துவதுமில்லை. 23 இணைகளும் இவ்வாறு தனித்தனியே பிரிந்தால், ஒருவரிடம் 83,88,608 விதமான இனச்செல்கள் தோன்ற இடமுண்டு. தாய், தந்தை இருவரையும் சேர்த்துக் கணக்கிட்டால் அது 70 லட்சம் கோடியைத் தாண்டுகிறது. பிரிவதற்கு முன் இணைக் குரோமோசோம்கள் தம்முள் சில துண்டுகளைப் பரிமாறிக்கொள்வதையும் சேர்த்தால் இந்த வகைப்பாட்டுக்கு எல்லையே இல்லை எனலாம். ஒரே வயிற்றில் பிறந்தோர் ஒருவரையொருவர் ஒத்தும் ஒவ்வாமலும் இருப்பதன் காரணம் இதுவே.

பதினோராம் குரோமோசோமில் ஒரு மாற்றம்

இரத்தத்தின் செந்நிறத்துக்குக் காரணமான ஹீமோகுளோபினில் பீட்டா சங்கிலி என்னும் புரதப் பகுதி உண்டு. அதனை அமைப்பதற்கான ஜீன் பதினோராம் குரோமோசோமில் இருக்கிறது. 146 அமினோ அமிலங்கள் கோத்த அச்சங்கிலியில் ஆறாவது இடத்தில் குளூட்டாமிக் அமிலம் இருக்க வேண்டும். ஜீனில் ஒரே ஓர் எழுத்து மாறினால் அவ்விடத்தில் வாலின் அமர்ந்துவிடுகிறது. இந்த ஹீமோகுளோபின் பிராணவாயுவை இழந்ததும் நீண்ட இழைகளாகத் திரள்கிறது. வட்ட வடிவான சிவப்பணு அரிவாள்போல் வளைகிறது. சாதாரணமாக 120 நாள் வாழும் சிவப்பணு, இந்நோயில் 10 முதல் 20 நாட்களுக்குள் அழிகிறது. நுண்ணிய இரத்தக் குழாய்களில் அடைப்பு ஏற்பட்டுத் தாங்கொணா வலியும் உறுப்புகளுக்குச் சேதமும் உண்டாகின்றன.

அமெரிக்காவில் ஹெரிக் என்னும் மருத்துவர் 1910ஆம் ஆண்டிலேயே இந்நோயை விவரித்திருந்தார். இந்தியாவில் இது 1952ஆம் ஆண்டில் கண்டறியப்பட்டது. லேமன், கட்புஷ் ஆகிய இருவர் நீலகிரிப் பழங்குடியினரிடையே இதனைக் கண்டனர். அதே ஆண்டில் அஸ்ஸாம் தேயிலைத் தோட்டங்களில், வேறு மாநிலங்களிலிருந்து குடியேறிய தொழிலாளரிடமும் இது இருப்பது தெரியவந்தது. உழைப்பாளர் பிழைப்புத் தேடிப் போகுமிடமெல்லாம் அவர்தம் குரோமோசோம்களும் உடன் செல்லுகின்றன என்பதற்கு இது ஒரு சான்று. பின்னர் குஜராத், மகாராஷ்டிரம், மத்தியப் பிரதேசம், சத்தீஸ்கர், ஒடிசா ஆகியவற்றை இணைக்கும் ஒரு பெரும் பட்டையே இந்நோய்க்கு உரியதென்று அறியப்பட்டது.

தீங்கு விளைக்கும் ஜீன் எவ்வாறு இத்துணைத் தலைமுறைகள் நிலைத்தது? கிழக்கு ஆப்பிரிக்காவில் ஆராய்ந்த அலிசன் 1954ஆம் ஆண்டில் இதற்கு விடை கூறினார். மாறிய ஜீன் ஒன்றும் இயல்பான ஜீன் ஒன்றும் பெற்றவர்களைக் கடுமையான மலேரியா எளிதில் வீழ்த்துவதில்லை. மலேரியா மிகுந்த காட்டுப்பகுதிகளில் இந்த ஜீன் ஒரு காலத்தில் உயிர்காத்த கவசமாக விளங்கியது. எனவே இதனை ஓர் இனத்தின் குறை என்று பேசுவது அறிவியலுக்கும் பொருந்தாது, அறத்துக்கும் பொருந்தாது.

நான்கில் ஒன்று என்பதன் பொருள்

மாறிய ஜீன் ஒன்றை மட்டும் பெற்றவர் கடத்துபவர். அவர் நோயாளி அல்லர். பெரும்பாலும் எக்குறையுமின்றி உழைத்து வாழ்பவர். தாய், தந்தை இருவரிடமிருந்தும் மாறிய ஜீனையே பெற்றவர் நோயாளி ஆகிறார். குன்றல் பகுப்பில் கடத்துபவரின் இனச்செல்களுள் பாதி மாறிய ஜீனையும், பாதி இயல்பான ஜீனையும் ஏற்கின்றன. கடத்துபவர் இருவர் மணந்தால் பிறக்கும் குழந்தை நோயாளியாக இருக்க நான்கில் ஒரு வாய்ப்பு. கடத்துபவராக இருக்க இரண்டில் ஒரு வாய்ப்பு. இரு ஜீன்களும் இயல்பாக அமைய நான்கில் ஒரு வாய்ப்பு. கடத்துபவரும் இயல்பானவரும் மணந்தால் பிள்ளைகளுக்கு இந்நோய் வராது. பாதி வாய்ப்பில் கடத்துபவர் ஆகலாம்.

நான்கில் ஒன்று என்னும் இச்சொற்றொடர் களத்தில் பெரிதும் தவறாகப் பொருள் கொள்ளப்படக்கூடியது. நான்கு பிள்ளைகளில் ஒன்றுக்கு நோய் வந்தே தீரும், முதற்பிள்ளைக்கு வந்துவிட்டால் அடுத்த மூவருக்கு வராது என்று பெற்றோர் எண்ணிவிடலாம். அது தவறு. ஒவ்வொரு கருவுறுதலும் புதிய சுண்டல். முன்னதை அது நினைவில் வைத்துக்கொள்வதில்லை. கடத்துபவர் இருவருக்கு நான்கு பிள்ளைகள் பிறந்தால், ஒருவருக்கும் நோய் இல்லாதிருக்க ஏறத்தாழ 32 விழுக்காடு வாய்ப்பும், ஒருவருக்கு மட்டும் இருக்க 42 விழுக்காடு வாய்ப்பும், இருவர் அல்லது அதற்கு மேற்பட்டோருக்கு இருக்க 26 விழுக்காடு வாய்ப்பும் உண்டு. ஆலோசனை கூறும் பணியாளர் இந்த வேறுபாட்டை விளக்காவிடில், அவர் கூறும் ஆலோசனை ஏமாற்றத்தில் முடியும்.

மற்றொரு தவறு, பழியைத் தாயின்மீது ஏற்றுவது. இந்நோய்க்கு இருபுறத்து ஜீனும் வேண்டும். தந்தையின் பங்கு தாயின் பங்குக்கு ஒரு துளியும் குறைந்ததன்று. கர்ப்ப காலத்தில் உண்ட உணவோ, செய்த வேலையோ, முன்வினையோ இதனைத் தீர்மானிப்பதில்லை. ஒரு குழந்தைக்கு வித்தான முட்டையின் பகுப்பு, அக்குழந்தையின் தாய் தன் தாயின் வயிற்றில் கருவாக இருந்தபோதே தொடங்கிவிட்ட ஒன்று. அதில் பழி சொல்ல யாருக்கு இடமிருக்கிறது?

நூறு திருமணங்களின் கணக்கு

திட்டமிடுவோர்க்குப் பயன்படும் ஓர் எளிய கணக்கு இது. ஒரு வட்டாரத்தில் மணமாகவுள்ள 100 ஆண்களில் 20 பேரும் 100 பெண்களில் 20 பேரும் கடத்துபவர் என்று கொள்க. சோதனை எதுவுமின்றித் தற்செயலாக 100 திருமணங்கள் நடந்தால், சராசரியாக 64-இல் இருவருமே இயல்பானவர். 32-இல் ஒருவர் மட்டும் கடத்துபவர். நான்கில் மட்டுமே இருவரும் கடத்துபவர். நோயுற்ற குழந்தை பிறக்கும் வாய்ப்பு அந்த நான்கு குடும்பங்களில்தான் உண்டு. மண உறவு மிகச் சிறிய வட்டத்துக்குள் அமையும் சமூகங்களில் இந்த நான்கு சற்று உயரக்கூடும்.

இதிலிருந்து பெறப்படுவது என்ன? கடத்துபவர் நாற்பது பேரையும் மணத்துக்குத் தகாதவர் என்று ஒதுக்குவதற்கு எக்காரணமும் இல்லை. தேவைப்படுவது, நான்கு இணையர்க்கு உரிய காலத்தில் உண்மை தெரிவிக்கப்படுவதே. முடிவு அவர்களுடையது. இணைவதா, குழந்தை பெறுவதா, கருவிலேயே சோதித்துக்கொள்வதா என்பதை அவர்களே தீர்மானிக்க வேண்டும். கருவின் பாலினத்தைக் கண்டறிந்து கூறுவதைத் தடை செய்யும் 1994ஆம் ஆண்டுச் சட்டம், ஹீமோகுளோபின் குறைபாடுகளைக் கண்டறியும் கருச் சோதனைக்கு இடமளித்துள்ளது. ஆயினும் சட்டம் தந்த அவ்வசதி மாவட்டத் தலைநகரில் இல்லையெனில், காட்டோரக் கிராமத்துக்கு அது ஏட்டளவில்தான் இருக்கும்.

இயக்கத்தின்கீழ் வழங்கப்படும் மரபு நிலை அட்டையும் இத்தகையதே. தெரிந்துகொள்ளும் உரிமைக்கு அது கருவி; ஊரார் பார்வைக்கு விரித்து வைக்கப்பட்டால் அதுவே விலக்கி வைக்கும் கருவியாகிவிடும். முகாமில் பெயரையும் முடிவையும் உரக்கப் படிப்பதும், பள்ளிச் சுவரில் பட்டியல் ஒட்டுவதும் அறவே தவிர்க்கப்பட வேண்டியவை. சோதனையிலும் அதே கவனம் தேவை. முதற்கட்டமான கரைதிறன் சோதனை, மாறிய ஹீமோகுளோபின் இருப்பதை மட்டுமே காட்டும். கடத்துபவரையும் நோயாளியையும் பிரித்துக் காட்டாது. மின்முனைக் கவர்ச்சி முறையாலோ எச்.பி.எல்.சி. கருவியாலோ உறுதி செய்யாமல் அட்டை எழுதுவது ஒருவரின் வாழ்க்கையைப் பிழையாக எழுதுவதற்கு ஒப்பாகும்.

முடிவில்லாத பொறுப்பு

இறுதியாக, ஒழிப்பு என்னும் சொல்லைக் குறித்துச் சிந்திக்க வேண்டும். கடத்துபவர் அனைவரும் இயல்பானவரையே மணந்தனர் என்று கொள்வோர்க்கு, நோயுற்ற பிறப்புகள் அநேகமாக நின்றுவிடும் என்பது தெளிவு. ஆனால் அவர்தம் பிள்ளைகளில் பாதிப்பேர் மீண்டும் கடத்துபவர் ஆவர். நாற்பது பேர் நாற்பது குடும்பங்களில், குடும்பத்துக்கு இரு பிள்ளைகள் வீதம் பெற்றால், அடுத்த தலைமுறையிலும் ஏறத்தாழ நாற்பது கடத்துபவர் இருப்பர். நோய் குறையும்; ஜீன் குறையாது. ஏழு கோடிப் பேரைச் சோதித்து அறிக்கை அனுப்பியதும் கோப்பை மூடிவிட்டால், இருபது ஆண்டுகளில் அப்பிள்ளைகள் எதுவுமறியாமல் மணவயதை எட்டுவார்கள். ஆதலின் பிறந்த குழந்தைகளுக்கான சோதனையும் மணத்துக்கு முந்தைய ஆலோசனையும் ஆரம்ப சுகாதார நிலையத்தின் அன்றாடப் பணிகளாக ஆக்கப்பட வேண்டும். ஆண்டுதோறும் அதற்கென நிதி ஒதுக்கப்பட வேண்டும்.

தடுப்புப் பணியின் ஆர்வத்தில், ஏற்கெனவே பிறந்துவிட்ட நோயாளிகள் மறக்கப்படலாகாது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இந்நோயையும் தன் பட்டியலில் சேர்த்துள்ளது. ஹைட்ராக்சியூரியா மருந்து வலித் தாக்குதல்களைக் குறைக்கிறது. அம்மருந்து துணைச் சுகாதார நிலையத்தில் மாதம் தவறாமல் கிடைப்பதும், வலியால் துடித்து வருபவரை மருத்துவமனை நம்பிச் சேர்த்துக்கொள்வதும், அவர்களுக்கு இத்திட்டத்தின் மெய்யான அளவுகோல்கள்.

தாய் 23, தந்தை 23 என்று இயற்கை செய்யும் பங்கீட்டில் சாதி, செல்வம், பதவி என்னும் வேறுபாடுகள் எவையும் நுழைவதில்லை. எந்தப் பங்கு யாருக்கு வரும் என்பதை எவராலும் மாற்ற இயலாது. பங்கு கிடைத்தபின் அக்குழந்தைக்கு மருந்தும் மதிப்பும் கிடைக்குமா என்பது மட்டும் சமூகத்தின் கையிலும், அதன் சார்பில் பணியாற்றும் அலுவலரின் கையிலும் இருக்கிறது.