மொட்டைமாடிப் பொங்கல்

தை முதல் நாள் தலைநகரில் பொது விடுமுறை நாள் அன்று. மத்திய அரசு அலுவலகங்களின் விடுமுறைப் பட்டியலில் பொங்கலுக்கு இடம் உண்டு. ஆனால் அது 'வரையறுக்கப்பட்ட விடுமுறை' என்னும் தலைப்பின் கீழ், வேறு பல பண்டிகைகளோடு ஒன்றாக நிற்கிறது. அவற்றுள் ஆண்டுக்கு இரண்டை மட்டும் ஓர் ஊழியர் தேர்ந்துகொள்ளலாம். உத்தியோகத்தில் இருப்பவருக்கு இந்த அளவு உரிமையாவது இருக்கிறது. தில்லிக்குப் படிக்க வந்திருக்கும் தமிழ் மாணவருக்கு அதுவும் இல்லை. பயிற்சி நிலையத்தின் கால அட்டவணைக்குத் தை மாதம் என்று ஒன்று இருப்பதே தெரியாது. கரோல் பாகிலும் அதை ஒட்டிய பழைய ராஜேந்திர நகரிலும் அறை எடுத்துத் தங்கியிருக்கும் அந்த மாணவர்களின் பொங்கலைப் பற்றியே இன்று பேச எண்ணுகிறேன்.

தமிழருக்குக் கரோல் பாக் புதிய இடம் அன்று. எழுத்தராகவும் கணக்கராகவும் சுருக்கெழுத்தராகவும் தலைநகருக்கு வந்த நம்மவர் பலர் குடியேறிய பகுதி அது. தில்லித் தமிழ்க் கல்விக் கழகம் நடத்தும் ஏழு பள்ளிகளுள் ஒன்று, அருகிலுள்ள பூசா சாலையில்தான் இருக்கிறது. தில்லித் தமிழ்ச் சங்கமும் 1946ஆம் ஆண்டிலேயே தோன்றிவிட்டது. ஆனால் அந்தத் தலைமுறையினர் மாதச் சம்பளத்தோடு வந்தவர்கள். ஓராண்டிலோ ஈராண்டிலோ மனைவியும், பிறகு தாயாரும், அவர்களுக்குப் பின்னால் ஆட்டுக்கல்லும் வந்து சேர்ந்தன. பொங்கல் பானையை ஏற்ற வீட்டில் ஆள் இருந்தது. இன்று வரும் மாணவருக்கு இருப்பது ஒரு கட்டில், ஒரு மேசை, சுவரில் ஒட்டிய இந்தியப் படம். சில அறைகளில் சன்னலும் இல்லை.

இவர்கள் வருவது குடிமைப் பணித் தேர்வுக்காக. முதல்நிலைத் தேர்வு பெரும்பாலும் மே இறுதியிலோ ஜூனிலோ நடக்கும். ஆகவே தை பிறக்கும்போது கையில் இருப்பது நான்கைந்து மாதம். முதன்மைத் தேர்வில் வென்றவர்களுக்கோ அதுவே நேர்முகத் தேர்வுக் காலம். "தேர்வு முடியட்டும், அடுத்த ஆண்டு வீட்டிலேயே பொங்கல் வைத்துக்கொள்ளலாம்" என்று தாயாரிடம் தொலைபேசியில் சொல்லாத மாணவர் குறைவு. இந்தச் சொல்லைத்தான் சற்று நிறுத்தி எண்ணிப் பார்க்க வேண்டும். பொதுப் பிரிவினர் 32 வயதுக்குள் ஆறு முறை தேர்வு எழுதலாம்; இதர பிற்படுத்தப்பட்டோர் 35 வயதுக்குள் ஒன்பது முறை எழுதலாம்; பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் 37 வயது வரை, முயற்சிக்குக் கணக்கே இல்லை. ஓர் ஆண்டு என்று எண்ணித் தள்ளி வைத்த பொங்கல் ஆறு பொங்கலாகவோ ஒன்பது பொங்கலாகவோ போய்விடக்கூடும். இருபதிலிருந்து முப்பது வயது வரையிலான தைத் திங்கள்கள் அத்தனையும் ஒரு தேர்வுக்கு ஈடாக வைக்கப்படுகின்றன. தேர்வு பெரியதுதான், அவ்வளவு பெரியதா என்பதில் எனக்கு ஐயம் உண்டு. ஒரு காலை வேளை பானை ஏற்றியதால் எவரும் தோற்றதாக நான் கேள்விப்பட்டதில்லை.

ஊருக்குப் போய்வரலாமே என்பீர்கள். சென்னைக்குச் சுமார் 2,180 கிலோமீட்டர். விரைவு வண்டியிலும் இரண்டு இரவுகள். அங்கிருந்து தென்காசிக்கோ தருமபுரிக்கோ மேலும் பயணம். போக, வர, இருக்க என்று பத்து நாள் கழிந்துவிடும். முன்பதிவுக் காலமும் 2024 நவம்பர் முதல் 120 நாளிலிருந்து 60 நாளாகக் குறைக்கப்பட்டுவிட்டது. கார்த்திகை பிறக்கும் சமயத்தில் விழிப்பாக இருந்தவருக்கே இடம் கிடைக்கும். எனவே பெரும்பாலோர் இங்கேயே இருக்கிறார்கள்.

இங்கே இருந்து பொங்கல் வைப்பது எப்படி? முதல் இடையூறு அடுப்பு. விடுதி அறைகளில் தீ மூட்ட அனுமதி இராது. மாணவர் கையில் இருப்பது மின்காந்த அடுப்பு. அதன்மேல் மண்பானையும் வெண்கலப் பானையும் சூடேறா. காந்தம் ஒட்டிக்கொள்ளும் இரும்போ எவர்சில்வரோதான் வேண்டும். கடைக்குப் போகும்போது சிறு காந்தத் துண்டு ஒன்றைச் சட்டைப்பையில் கொண்டுபோனால் ஏமாற்றம் இராது. பலர் அழுத்தச் சமையற்கலத்தில் வைத்து மூன்று சீழ்க்கை விட்டு இறக்கிவிடுகிறார்கள். சோறு குழைவாக இருக்கும், உண்ணலாம். ஆனால் அதைப் பொங்கல் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பாலின் மேல் படியும் ஆடை ஆவியை அடக்கி வைக்க, அது தாங்காமல் மேலெழுந்து விளிம்பைக் கடக்கும் அந்த ஒரு கணம்தானே நாளுக்குப் பெயர் தந்தது? மூடியை எடுத்து வைத்துவிட்டுப் பால் ஊற்றினால் அந்தச் சமையற்கலமே பானை ஆகிவிடுமே! பொங்கியதும் அடுப்பை அணைத்துத் துடைத்துவிட்டு மறுபடி ஏற்றிக்கொள்ளலாம்.

அடுத்தது அரிசி. தில்லியில் அரிசி என்றால் பாசுமதிதான் என்று எண்ணி வாங்குகிறார்கள். அதன் பெருமையே ஒன்றோடொன்று ஒட்டாமல் நிற்பது. பொங்கலுக்கு அது குற்றம். 'பர்மல்' என்று கேட்டால் விலை குறைந்த அரிசி கிடைக்கும், அதுவே போதும். ஒரு பங்கு அரிசிக்குக் கால் பங்கு பாசிப்பருப்பு. தமிழ்நாட்டில் சம்பா அறுவடையாகும் நாட்களில் இங்கே கோதுமை பச்சைப் பயிராக நிற்கிறது, புத்தரிசி கிடையாது. ஆனால் வெல்லத்தில் தில்லி நமக்கு ஈடு செய்துவிடுகிறது. மேற்கு உத்தரப் பிரதேசத்தில் அப்போது கரும்பு ஆலையாடும் காலம். முசாபர்நகர் வெல்லம் ஈரம் உலராமல் கடைக்கு வருகிறது. அதை இட்டுச் செய்த சர்க்கரைப் பொங்கலை உண்டவர்கள் ஊர் வெல்லத்துக்காக ஏங்க மாட்டார்கள். இப்படிச் சொல்வதற்காக ஊரார் என்மேல் கோபம் கொள்ளலாம்.

இன்னொரு நாட்டில் படிக்கும் நம் பிள்ளைகளை எண்ணினால் இது இன்னும் தெளிவாகும். மெல்போர்னில் தை மாதம் நடுக்கோடை; டொராண்டோவில் பனிக்கட்டி. அங்கெல்லாம் அறுவடை எங்கே இருக்கிறது? ஆயினும் கனடாவின் நாடாளுமன்றக் கீழவை ஜனவரியைத் தமிழ் மரபுத் திங்களாக 2016இல் ஏற்றுக்கொண்டது. கனடாவில் குடியேறிய தமிழர் பொங்கலைப் போற்றி வந்ததும் அம்மாதத்தைத் தேர்ந்ததற்கு ஒரு காரணம்.

மூன்றாவது இடையூறு கதிரவனே. தில்லியில் அன்று சூரியோதயம் சுமார் ஏழேகால் மணி. சென்னையைவிட நாற்பது நிமிடம் பின்பு. அதுவும் பஞ்சாங்கக் கணக்கு. மூடுபனி நாட்களில் பத்து மணிக்குக்கூட வெளுத்த ஒரு வட்டம்தான் தெரியும். சில ஆண்டுகளுக்கு முன் கரோல் பாகில் ஒரு மொட்டைமாடிப் பொங்கலுக்கு என்னை அழைத்திருந்தார்கள். மாணவரும் மாணவியருமாக ஏழு பேர், ஏழு ஊர். மின்கம்பியை நீட்டி மாடிக்குக் கொண்டுவந்திருந்தார்கள். சூரியன் எந்தப் பக்கம் என்று தெரியவில்லை. கிழக்கு நோக்கி வாழையிலையைப் போட்ட பிறகு, புவியியலை விருப்பப் பாடமாகக் கொண்ட ஒரு மாணவி எழுந்து, இந்த அட்சரேகையில் இந்த நாளில் சூரியன் கிழக்கிலிருந்து ஏறத்தாழ 24 பாகை தெற்கே தள்ளி உதிக்கும் என்று கணக்கிட்டு இலையைத் திருப்பி வைத்தாள். அந்தத் திசையில் ஒரு தண்ணீர்த் தொட்டிதான் தெரிந்தது. அதை நோக்கியே எல்லோரும் கை கூப்பினார்கள்.

அந்த வேளையில் வீட்டுக்கார அம்மையார் மேலே வந்தார். பஞ்சாபியர். முன்தினம் அவர்கள் வீட்டு வாசலில் லோஹ்ரித் தீ மூட்டி எள்ளும் நிலக்கடலையும் இட்டிருந்தார்கள்; நம் போகியும் அதுவும் ஏறக்குறைய ஒரே நாளில் வருபவை. (போகியன்று பழையதைக் கழிக்க வேண்டும் என்பார்கள், சென்ற ஆண்டின் நடப்புச் செய்தித் தொகுப்பைத் தீயிலிட மட்டும் எந்த மாணவரும் துணிவதில்லை.) தட்டு நிறைய எள்மிட்டாய் கொண்டுவந்த அம்மையார், பால் வழிவதைக் கண்டதும் பதறி, "அணையுங்கள், வீணாகிறதே" என்று முன்னே ஓடிவந்தார். வழிய வேண்டும் என்பதுதான் சடங்கு என்று எப்படி விளக்குவது? பால் பொங்கி வழிதலுக்கு இந்தியில் சொல் இருக்கிறது: உஃபன்னா. ஆற்றில் வெள்ளம் கரை புரள்வதற்கும் அதையே சொல்வார்கள். ஆனால் சமையலறையில் அது கவனக்குறைவைக் குறிக்கும் சொல். மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட எனக்கும் அந்த நேரத்தில் வேறு சொல் அகப்படவில்லை. தருமபுரி மாணவி ஒருத்தி, "நிறைந்துபோனால்தானே வழியும், அம்மா?" என்று எளிய இந்தியில் சொன்னாள். அம்மையார் சற்று நின்று, தலையசைத்து, வழிந்த பாலை விரலால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அதன்பின் "பொங்கலோ பொங்கல்" என்று கூவியவர்கள் எட்டுப் பேர்.

நம் சங்கங்களிடம் ஒரு வேண்டுகோள் உண்டு. தில்லியில் மட்டுமன்று, நீங்கள் இருக்கும் புனேயிலும் கொல்கத்தாவிலும் அகமதாபாத்திலும் பொங்கல் விழா நடைபெறுகிறது. அடுத்து வரும் ஞாயிறன்று, மேடையில் விருந்தினர் பேச, கச்சேரி நடக்க, முடிவில் சமையற்காரர் செய்த பொங்கல் தொன்னையில் வழங்கப்படும். யாரும் அது பொங்கியதைக் கண்டிருக்க மாட்டார்கள். மாணவர்கள் அங்கு வருவதில்லை. வந்தாலும் பின்வரிசையில் நின்றுவிட்டுப் போகிறார்கள். உரைகளில் ஒன்றைக் குறைத்துவிட்டு, தை முதல் நாளன்றே ஒரு மைதானத்தில் பத்து அடுப்பு மூட்டி, "நீங்களே வையுங்கள்" என்று அவர்கள் கையில் கரண்டியைக் கொடுத்துப் பாருங்கள். நாளைக்கு மாவட்டம் ஆளப்போகிறவர்களுக்கு அடுப்பைப் பார்த்துக்கொள்ளத் தெரியாதா என்ன?

சங்கம் செய்யாவிட்டால் வீடுகள் செய்யலாம். மூன்றாம் நாள் காணும் பொங்கல், உறவினரைப் போய்ப் பார்க்கும் நாள். உங்கள் தெருவிலும் எங்கேனும் ஒரு மாடியறையில் பிள்ளைகள் படித்துக்கொண்டிருப்பார்கள். உறவுக்காரர் இல்லையே என்று பாராமல் அன்று இருவரைச் சாப்பிட அழையுங்கள். விருந்து பெரிதாக வேண்டியதில்லை. என்ன சமைக்கட்டும் என்று நான் கேட்டபோதெல்லாம் அவர்கள் கேட்டது ரசம்தான்.