பாரணையும் குடலும்

(பர்யூஷண விழாவின் ஆறாம் நாளன்று சிவகாசியில் ஆற்றிய உரை)



எட்டு நாள் உண்ணாதிருப்பது எவ்வாறு என்று உங்களுக்கு எடுத்துரைக்கும் தகுதி எனக்கு இல்லை. அது உங்கள் முன்னோர் வழிவழியாகப் பயின்று தந்த தவம். மருத்துவன் என்ற முறையில் நான் பேச வந்தது ஒன்பதாம் நாளைப் பற்றியே. அட்டாயி நிறைவு செய்தவர் பாரணைக்கு அமரும்போது அவருடைய குடல் எந்நிலையில் இருக்கிறது என்பதை அறிந்துகொண்டால், முதல் மூன்று நாள்களில் எதை, எவ்வளவு உண்பது என்பது தானே விளங்கும்.

குடலை வெறும் குழாய் என்றே பலரும் எண்ணுகின்றனர். சிறுகுடல் ஏறத்தாழ 6 மீட்டர் நீளமுடையது. அதன் உட்சுவரெங்கும் நுண்ணிய விரல்களைப்போல் குடலுறிஞ்சிகள் நிற்கின்றன. அவற்றைப் போர்த்தியிருக்கும் உயிரணுக்கள் 3 முதல் 5 நாள்களுக்குள் உதிர்ந்து, புதியவை அவ்விடத்தில் அமர்கின்றன. இவ்வணுக்கள் தமக்கு வேண்டிய ஊட்டத்தில் ஒரு பெரும் பங்கைத் தம்மைக் கடந்து செல்லும் உணவிலிருந்தே நேராக எடுத்துக்கொள்கின்றன. உணவு வாராதபோது புதிய அணுக்கள் பிறப்பது குறைகிறது, உறிஞ்சிகள் குறுகுகின்றன. எலிகளிடம் இம்மாற்றம் மிகத் தெளிவாகத் தெரியும். மனிதரிடம் அத்தனை இல்லையெனினும் உண்டு. மலைப்பாம்பு வாரக்கணக்கில் உண்ணாமல் கிடந்து, இரையை விழுங்கிய ஓரிரு நாளில் தன் சிறுகுடலின் எடையை இருமடங்காக்கிக் கொள்ளும். நமக்கு அவ்வளவு விரைவு வாய்க்கவில்லை.

உணவைப் பிளக்கும் நொதிகளும் உணவைப் பொறுத்தே கூடிக் குறைகின்றன. கரும்புச் சர்க்கரையைப் பிளப்பது சுக்ரேஸ் என்னும் நொதி. சர்க்கரை சேராத உணவிலிருந்து சர்க்கரை உணவுக்கு மாறியவர்களிடம் அந்நொதி உயர 2 முதல் 5 நாள்கள் ஆயின என்று 1960களிலேயே கண்டறிந்தனர். பாலைப் பிளக்கும் லாக்டேஸ் மட்டும் இவ்வகையில் சேராது. வளர்ந்தவர்களிடம் அது பிறப்பு வழி அமைவது. பால் குடித்துப் பழகுவதால் கூடுவதில்லை. வடமேற்கு இந்தியரிடம் அது பெரிதும் நிலைத்திருக்கிறது, தென்னாட்டில் குறைவு. மார்வாரிலிருந்து வந்த குடும்பத்துப் பெரியவர் ஒரு செம்புப் பாலை அருந்திவிட்டு நலமாயிருக்க, இந்தக் கரிசல் மண்ணில் பிறந்த அவருடைய நண்பருக்கு வயிறு இரைவதன் காரணம் இதுவே.

பெருங்குடலின் கதை வேறு. அங்கே வாழும் நுண்ணுயிர்கள், சிறுகுடலில் செரிக்காமல் எஞ்சிய மாவையும் நாரையும் புளிக்கவைத்துச் சிறு கொழுப்பமிலங்களாக்குகின்றன. பெருங்குடற் சுவர் அவற்றையே முதன்மை உணவாகக் கொள்கிறது. வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் மருத்துவர் பி.எஸ். ராமகிருஷ்ணா குழுவினர், செரியா மாவு கலந்த உப்புக்கரைசலைக் காலரா நோயாளிகளுக்குக் கொடுத்து, வயிற்றுப்போக்கு விரைவில் அடங்குவதைக் கண்டு 2000ஆம் ஆண்டில் வெளியிட்டனர். சமைத்து ஆறிய சோற்றிலும் அவ்வகை மாவு சிறிது உண்டு. பட்டாசு ஆலைக்குச் செல்லும் தொழிலாளியின் தூக்குவாளியில் இருக்கும் பழைய சோற்றை நான் மதிப்பதற்கு அதுவும் ஒரு காரணம். இரவு கடந்த உணவை நீங்கள் தொடுவதில்லை. அதனால் இழப்பொன்றும் இல்லை, பயறுகளில் அம்மாவு போதிய அளவு இருக்கிறது.

ஆனால் பயற்றை முழுதாக உண்ணும் நாள் பாரணை நாளன்று. உணவு மாறிய சில நாள்களுக்குள் நுண்ணுயிர்க் கூட்டமும் மாறிவிடுகிறது என்பதை 2014இல் அமெரிக்க ஆய்வாளர்கள் காட்டினர். எட்டு நாள் வெந்நீர் மட்டுமே கண்ட குடலில் முழுப்பயற்றை இட்டால் வயிறு உப்பும், வலிக்கும். வேகவைத்து வடித்த பயற்று நீரை முதலில் கொடுக்கும் உங்கள் வழக்கம், இதையெல்லாம் எவரும் ஆராய்வதற்கு முன்பே தோன்றியது. அதை விட்டுவிடாதீர்கள்.

வயிற்றுப்பொருமலோடு முடிந்தால் நான் இவ்வளவு தொலைவு வந்து பேச வேண்டியதில்லை. இரண்டாம் உலகப்போர் முடிந்தபோது, சிறை முகாம்களில் பட்டினி கிடந்து மீண்டவர்கள் சிலர் வயிறார உண்ட பின்னரே இறந்தனர். நெடுநாள் உண்ணாத உடலில் மாவும் சர்க்கரையும் திடீரென நுழைந்தால் இன்சுலின் பெருகும். குருதியில் உள்ள பாஸ்பேட், பொட்டாசியம், மக்னீசியம் ஆகியவை அணுக்களுக்குள் விரைந்து சென்றுவிடும். இதயமும் மூச்சுத் தசைகளும் அதனால் தளரும். பி1 வைட்டமின் குறைந்திருந்தால் மூளையும் பாதிக்கப்படும். இங்கிலாந்தின் நைஸ் அமைப்பு 2006இல் வகுத்த நெறியின்படி, 5 நாளுக்கு மேல் ஏறக்குறைய ஒன்றும் உண்ணாதவருக்கு முதல் 2 நாள் தேவையில் பாதிக்கு மேல் உணவு கூடாது. 10 நாளைக் கடந்தவருக்கு ஒரு கிலோ உடல் எடைக்கு நாளொன்றுக்கு 10 கலோரியில் தொடங்கி, 4 முதல் 7 நாளில் படிப்படியாக உயர்த்த வேண்டும். 60 கிலோ எடையுள்ளவருக்கு அது முதல் நாள் 600 கலோரி. அட்டாயி முதல் வரம்பைத் தாண்டியது. மாசக்ஷமணமோ இரண்டாம் வரம்பைப் பன்மடங்கு தாண்டியது.

ஆகவே அட்டாயி இருப்பவர்கள் பயற்று நீர், நீர்த்த கஞ்சி, மோர் என்று சிறிது சிறிதாக, பலமுறை எடுத்துக்கொள்ளுங்கள். பயற்றையும் மோரையும் ஒருசேர உண்ணலாகாது என்பது உங்கள் விதி. வேளையை மாற்றிக் கொடுத்தால் போதும். பூரியும் இனிப்பும் பரிமாறப்படும் சுவாமிவாத்சல்யத்தில் நோன்பாளரை அமரவைத்து உபசரிப்பது அன்பினால்தான். எனினும் அவர் இலையில் அன்று குறைவாகவே விழட்டும். தீபாவளிச் சரக்கு நகரும் பருவம் இது. பாரணை முடித்த கையோடு கிட்டங்கிக்கு ஓடி, பகலெல்லாம் ஒன்றும் உண்ணாமலிருந்து மாலையில் மொத்தமாக உண்பவரைப் பற்றியே எனக்கு அச்சம் மிகுதி.

கருப்பஞ்சாறு பற்றிச் சிலர் கேட்டனர். ரிஷபதேவரின் பாரணையை நினைந்து அட்சய திருதியையில் வர்ஷீதப நோன்பாளர் அதை அருந்துவர். அவர்கள் ஒருநாள் விட்டு ஒருநாள் உண்டு வந்தவர்கள். அவர்கள் குடல் உணவை மறந்ததில்லை. தொடர்ந்து எட்டு நாளோ முப்பது நாளோ இருந்தவர் அதைப் பார்த்துத் தம்ளர் நிறையக் குடிக்கலாகாது.

நீரிழிவு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள், பழைய அளவிலேயே மறுபடி தொடங்காமல், தம் மருத்துவரைக் கேட்டுத் தொடங்க வேண்டும். மாசக்ஷமணம் இருப்பவர்க்குப் பாரணைக்கு முன்னரே குருதியில் பாஸ்பேட்டும் பொட்டாசியமும் பார்த்துவிடுவது நலம். அப்பரிசோதனைக்கு ஆகும் நேரம் சிறிதே. பாரணைக்குப் பின் முதல் வாரத்தில் கால் வீக்கம், மூச்சுத் திணறல், நெஞ்சுப் படபடப்பு, பேச்சில் தடுமாற்றம் இவற்றுள் எது தோன்றினும் நோன்பின் களைப்பு என்று படுக்கவைக்காமல், அன்றே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். எத்தனை நாள் உண்ணாதிருந்தார் என்பதை மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.