முற்றத்தில் நிற்கும் வண்டியும் புத்தகத்தில் உள்ள பெயரும்

(மீள்குடியேறும் குடும்பங்களுக்கான தகவல் அமர்வில் ஆற்றிய உரை)



காணி, வீட்டுத்திட்டம், கிணறு எல்லாம் பற்றிக் காலையிலேயே பேசிவிட்டார்கள். எனக்குத் தந்திருக்கும் விடயம் வாகனப் பதிவும் அனுமதிப்பத்திரமும். "வீட்டுக்கே இன்னும் கூரை இல்லை, இப்ப வாகனக் கதையா?" என்று பின்வரிசையில் ஒரு ஐயா சிரிப்பது தெரிகிறது. நியாயமான கேள்விதான், ஐயா. ஆனால் ஊருக்குத் திரும்பிய கையோடு பெரும்பாலான குடும்பங்கள் வாங்குவது அல்லது திருத்தி எடுப்பது ஒரு மோட்டார் சைக்கிளை, ஒரு லாண்ட்மாஸ்டரை, கையில் கொஞ்சம் காசு சேர்ந்தால் ஒரு ஓட்டோவை. பிள்ளை பள்ளிக்கூடம் போவதும் அதில்தான், நெல் ஆலைக்குப் போவதும் அதில்தான். அதைப் பொலிஸ் நிலையத்தில் விட்டுவிட்டு நடந்து வரும் நிலை உங்களுக்கு வரக்கூடாது.

வண்டிகளுக்கு ஊரில் ஒரு பெயர், சட்டத்தில் இன்னொரு பெயர். நாங்கள் "மெசின்" என்கிறோம், "பெட்டி" என்கிறோம், "பட்டா" என்கிறோம். 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் போக்குவரத்துச் சட்டத்துக்கும் அதன் பிறகு வந்த திருத்தங்களுக்கும் இந்தப் பெயர்கள் தெரியாது. அந்தச் சட்டம் வாகனங்களை வகுப்பு வகுப்பாகப் பிரித்து வைத்திருக்கிறது. உங்கள் வண்டி எந்த வகுப்பு என்பது பதிவுப் புத்தகத்தில் எழுதப்பட்டிருக்கும். யார் அதை ஓட்டலாம், எவ்வளவு வரி, காப்புறுதி எதைப் பொறுப்பேற்கும் என்ற கேள்விகளுக்கெல்லாம் அந்த ஒரு சொல்லில் இருந்துதான் பதில் தொடங்குகிறது. புத்தகம் உங்களுக்கு விளங்காத மொழியில் இருந்தால் வெட்கப்படாமல் வாசிக்கத் தெரிந்த ஒருவரிடம் கொடுத்துக் கேளுங்கள். வாங்கிய நாளில் இருந்து அதைத் திறந்தே பார்க்காதவர்கள் நிறையப் பேர்.

மோட்டார் சைக்கிளில் இருந்து தொடங்குவோம். சட்டத்தில் இரண்டு வகை. இயந்திரக் கொள்ளளவு 100 சிசியைத் தாண்டாதது ஏ1. தாண்டினால் ஏ. வீட்டில் பழைய எம்.டி. 90 நிற்கிறதா, அது ஏ1. ஸ்கூட்டி பெப் ஏ1. டியோ ஸ்கூட்டரோ 100 சிசிக்குக் கொஞ்சம் மேலே, ஆகவே அது ஏ. பார்ப்பதற்கு இரண்டும் ஒரே மாதிரிப் பெண்பிள்ளைகள் ஓட்டும் ஸ்கூட்டர்கள்தான், ஆனால் அனுமதிப்பத்திரத்தில் எழுத்து வேறு. ஏ1 மட்டும் எடுத்துவிட்டு டியோவில் வேலைக்குப் போகும் தங்கச்சிமார் இந்த மண்டபத்திலும் இருப்பார்கள். உங்கள் சாரதி அனுமதிப்பத்திர அட்டையின் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். ஒவ்வொரு எழுத்துக்கும் எதிரே திகதி போட்டிருக்கும். திகதி இல்லாத எழுத்து உங்களுக்குத் தரப்படவில்லை.

முச்சக்கரவண்டி பி1. கார், வான், கப் ஆகியவை பி. அதாவது சுமையோடு சேர்ந்த மொத்த நிறை 3500 கிலோவைத் தாண்டாமலும், சாரதியின் இருக்கையையும் சேர்த்து ஆசனங்கள் ஒன்பதைத் தாண்டாமலும் இருக்க வேண்டும். ஆளும் ஏற்றலாம், பொருளும் ஏற்றலாம் என்று செய்யப்பட்ட வானையும் கப்பையும் சட்டம் இரட்டைப் பாவனை வாகனம் என்கிறது. 3500 கிலோவுக்கு மேல் 17,000 கிலோ வரையான லொறி சி1, அதற்கும் மேல் சி. பஸ்ஸில் 33 ஆசனம் வரை டி1, மேலே போனால் டி. லொறியும் பஸ்ஸும் வைத்திருப்பவர்களுக்கு இதெல்லாம் தெரிந்திருக்கும், அதனால் விட்டுவிடுகிறேன். ஒன்று மட்டும் இளைஞர்களுக்கு: வீட்டுத்திட்ட வேலைகளில் மண் வெட்டும் இயந்திரத்தை ஓட்டிப் பழகும் தம்பிமார், அதற்கு ஜே என்று தனி எழுத்து இருக்கிறது. கார் ஓட்டும் அனுமதிப்பத்திரம் அதற்குப் போதாது.

இனி உழவு இயந்திரம். இதில்தான் எங்கள் ஆட்கள் கூடுதலாக மாட்டுப்படுகிறார்கள், ஆகவே கொஞ்ச நேரம் எடுக்கிறேன்.

லாண்ட்மாஸ்டர் என்பது ஒரு கொம்பனியின் பெயர். எந்தக் கொம்பனி செய்தாலும் இரண்டு சில்லு மெசினுக்கு அந்தப் பெயரே எங்கள் ஊர்களில் நிலைத்துவிட்டது. சட்டத்தில் அது கை உழவு இயந்திரம், பெட்டியோடு சேர்த்து ஜி1. நாலு சில்லு உழவு இயந்திரம் விவசாய நில வாகனம், எழுத்து ஜி. "வயலுக்குள் ஓட்டுவதற்கு என்ன லைசன்ஸ்?" என்று கேட்பவர்கள் உண்டு. வயலுக்குப் போக றோட்டில் ஏறித்தானே ஆகவேண்டும். ஏறிய நிமிடத்தில் இருந்து சட்டம் உங்களோடு வருகிறது.

பெட்டி தனி வாகனம். அதற்குத் தனிப் பதிவு, தனி இலக்கம். மெசினை ஒருவரிடமும் பெட்டியை இன்னொருவரிடமும் வாங்கியவர்கள் இரண்டு புத்தகமும் கையில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இன்னொன்று, பெட்டி பொருள் ஏற்றுவதற்கானது. வைகாசியில் வற்றாப்பளைப் பொங்கலுக்குக் குடும்பம் குடும்பமாகப் பெட்டியில் ஏறிப் போவது எங்கள் வழக்கம், அதை நான் குறை சொல்ல வரவில்லை. ஆனால் பெட்டி குடைசாய்ந்தால் அதற்குள் இருந்தவர்களுக்குக் காப்புறுதி ஒரு சதமாவது தருமா? ஏறுவதற்கு முன் காப்புறுதிப் பத்திரத்தை வாசித்துவிட்டுச் சொல்லுங்கள். என்னைக் கேட்டால், குழந்தைகளையாவது பஸ்ஸில் அனுப்புங்கள்.

அடுத்தது இயந்திர இலக்கமும் அடிச்சட்ட இலக்கமும். சண்டையில் உடைந்த இரண்டு மூன்று மெசின்களில் நல்ல பாகங்களைக் கழற்றி ஒன்றாகப் பூட்டி ஓட வைத்த கைகள் எங்கள் ஊர்களில் இருக்கின்றன. அந்தத் திறமைக்கு என் வணக்கம். ஆனால் புத்தகத்தில் உள்ள இயந்திர இலக்கம் ஒன்று, மெசினில் அடித்திருப்பது வேறு என்றால், வழியில் மறிக்கும் பொலிஸாருக்கு அது களவு வாகனமாகத்தான் தெரியும். இயந்திரத்தை மாற்றினால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்கு அறிவித்துப் பதிவைத் திருத்த வேண்டும். மாற்றிய இயந்திரம் எங்கே வாங்கியது என்பதற்குப் பற்றுச்சீட்டு வேண்டும். அடிச்சட்ட இலக்கத்தில் கை வைக்கவே வேண்டாம். அதை அராவி வேறு இலக்கம் அடித்துத் தருகிறோம் என்று யாராவது சொன்னால் அந்த இடத்தை விட்டு வந்துவிடுங்கள்.

பத்திரங்களின் பெயர்களிலும் குழப்பம் இருக்கிறது. "லைசன்ஸ்" என்று நாங்கள் மூன்று நான்கு பத்திரங்களுக்கும் ஒரே பெயர் சொல்கிறோம். சாரதி அனுமதிப்பத்திரம் ஆளுக்கு உரியது. பதிவுப் புத்தகம் வண்டிக்கு உரியது, வண்டி இருக்கும்வரை இருப்பது. வருமான அனுமதிப்பத்திரம், அதாவது நாங்கள் வாகன வரி என்பது, ஆண்டுக்கு ஆண்டு பிரதேச செயலகத்தில் எடுப்பது. அதை எடுக்கக் காப்புறுதிச் சான்றிதழ் வேண்டும், புகைப் பரிசோதனைக்கு உட்பட்ட வாகனமாக இருந்தால் அந்தச் சான்றிதழும் வேண்டும். லொறி, பஸ் என்றால் தகுதிச் சான்றிதழும் சேரும். மூன்றாம் தரப்புக் காப்புறுதி கட்டாயம். அது உங்கள் வண்டியைத் திருத்தித் தருவதற்கல்ல, உங்கள் வண்டியால் பாதிக்கப்படும் மற்றவருக்காக. இந்த வேறுபாடு விளங்காமல் மெசின் உடைந்த பிறகு காப்புறுதிக் கந்தோருக்குப் போய் ஏமாந்து வந்தவர்கள் பலர். ஓட்டோ வைத்திருப்பவர்கள், சொந்தப் பாவனை என்று காப்புறுதி எடுத்துவிட்டு வாடகைக்கு ஓடவேண்டாம்.

நீங்கள் முகாமிலும் உறவினர் வீட்டிலும் இருந்த ஆண்டுகளில் வண்டி ஓடாமல் கிடந்திருக்கும். பாவனையில் இல்லாத வாகனத்தை அப்படியே அறிவித்து வைக்கும் ஏற்பாடு சட்டத்தில் உண்டு. அறிவிக்காதவர்கள், பிரதேச செயலகத்தில் வரியைக் கட்டப் போகும்போது இடம்பெயர்ந்திருந்ததற்குக் கிராம அலுவலரின் கடிதத்தையும் கொண்டு போங்கள். நிலுவையில் என்ன சலுகை செய்யலாம் என்பதை அங்கே கேட்கலாம். கேட்காமல் கட்டுவதும் தவறு, பயந்து கட்டாமல் விடுவதும் தவறு.

புத்தகம் தொலைந்தவர்களுக்கு: வாகன இலக்கம் நினைவில் இருந்தால் பாதி வேலை முடிந்தது. பழைய ஸ்ரீ இலக்கமா, கோடு போட்ட இலக்கமா, ஆங்கில எழுத்து இலக்கமா என்பதைச் சரியாக எழுதிக் கொள்ளுங்கள். பொலிஸில் முறைப்பாடு பதிந்து, அந்தப் பிரதியோடு திணைக்களத்தில் இணைப்பிரதிக்கு விண்ணப்பிக்கலாம். பதிவில் யாருடைய பெயர் இருக்கிறது என்பதைக் கட்டணம் செலுத்திப் பெறவும் முடியும். பழைய வாகனம் வாங்கப் போகிறவர்களும் முற்பணம் கொடுப்பதற்கு முன் அதைச் செய்யுங்கள்.

ஏனென்றால் எங்கள் பக்கத்தில் பாதி வண்டிகள் கையெழுத்து மட்டும் வைத்த வெறும் படிவத்தோடு கைமாறுகின்றன. விற்றவர் கையெழுத்துப் போட்டுத் தருவார், வாங்கியவர் அதை அலுமாரிக்குள் வைப்பார், இரண்டு வருடத்தில் அவர் இன்னொருவருக்கு விற்பார். பதிவில் முதல் ஆளின் பெயர்தான் நிற்கும். விபத்து நடந்தால் பொலிஸ் போவது அவர் வீட்டுக்கு. அவர் வெளிநாடு போயிருந்தால் உங்களால் பெயர் மாற்றவே முடியாமல் போகலாம். விற்றவரும் அறிவிக்க வேண்டும், வாங்கியவரும் உடனே மாற்ற வேண்டும்.

லீசிங்கில் எடுத்தவர்களுக்கு ஒரு சொல். உங்கள் பெயர் பதிவு செய்யப்பட்ட உரிமையாளர் என்று இருக்கும். முழு உரிமையாளர் என்ற இடத்தில் கொம்பனியின் பெயர் இருக்கும். இந்த இரண்டாவது பெயர் அங்கே இருக்கும்வரை வண்டியை விற்க உங்களுக்கு முடியாது. கடைசித் தவணை கட்டி முடித்ததும் கொம்பனியிடம் கடிதம் வாங்கி அந்தப் பெயரை நீக்குங்கள். கட்டி முடித்துவிட்டோம் என்று நிம்மதியாகப் படுத்துவிடுகிறோம், பெயர் அப்படியே கிடக்கிறது.

கடைசியாக, இங்கே இருக்கும் அம்மாமாருக்கும் அக்காமாருக்கும். வண்டி கணவரின் பெயரில், கணவர் இல்லை. இறந்தது உறுதி என்றால் மரணச் சான்றிதழோடு உரித்தாளர்கள் பெயர் மாற்ற விண்ணப்பிக்கலாம். ஆனால் உங்களில் சிலருக்கு மரணச் சான்றிதழ் எடுக்க மனம் ஒப்பாது. எடுக்கத்தான் வேண்டும் என்று உங்களைக் கட்டாயப்படுத்த யாருக்கும் உரிமை இல்லை. 2010ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கச் சட்டத்தில் 2016இல் செய்த திருத்தத்தின்படி காணாமற்போனமைக்கான சான்றிதழ் என்று ஒன்று பெறலாம். அது அவர் இறந்துவிட்டார் என்று சொல்லும் பத்திரமல்ல. அவர் திரும்பி வரவில்லை, குடும்ப அலுவல்களையும் சொத்தையும் நீங்கள் பார்க்கிறீர்கள் என்பதற்கான ஆதாரம். அதை எடுத்துக்கொண்டு போய், உங்கள் வண்டி விடயத்தில் என்ன செய்யலாம் என்று திணைக்களத்திடம் எழுத்தில் கேளுங்கள், எழுத்திலேயே பதில் வாங்குங்கள். வாய்ச்சொல்லை நம்பி மூன்று தரம் கொழும்புக்குப் போய் வந்தவர்களைத் தெரியும். அதுவரைக்கும் வரியையும் காப்புறுதியையும் விட்டுவிடாதீர்கள். வரி எடுக்க உரிமையாளர் நேரில் போய் நிற்கத் தேவையில்லை, ஆவணங்களை நீங்கள் கொண்டுபோகலாம். ஓட்டுவதற்கு மகனோ மருமகனோ ஜி அல்லது ஜி1 எடுத்திருந்தால் மெசின் உங்கள் வயலில் உழும்.

தேநீர் வந்துவிட்டது. பதிவுப் புத்தகம் கொண்டு வந்தவர்கள் வாசல் பக்க மேசைக்கு வாருங்கள், வகுப்பு எது, முழு உரிமையாளர் யார் என்று ஒவ்வொன்றாகப் பார்த்துச் சொல்கிறேன். கொண்டு வராதவர்கள் வாகன இலக்கத்தை ஒரு கடதாசியில் எழுதித் தாருங்கள்.