கோடையில் வரும் பெரியோர்



கோடை விடுமுறையில் தாத்தாவும் பாட்டியும் ஊரிலிருந்து வருவது, தில்லிவாழ் தமிழர் இல்லங்களுக்கு ஒரு திருவிழாவாகும். தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் ஏறத்தாழ 2,180 கிலோமீட்டர், இரண்டு இரவுகள்.

ரயிலில் 60 வயது நிறைந்த ஆடவருக்கு 40 விழுக்காடும், 58 நிறைந்த பெண்டிருக்கு 50 விழுக்காடும் கட்டணச் சலுகை இருந்தது. 2020 மார்ச்சில் அது நிறுத்தப்பட்டது. பின்னர் 2022, 2023 ஆகிய இரு கோடைகளிலும், "அங்கே வெயில் அதிகமாமே, அடுத்த ஆண்டு பார்க்கலாம்" என்றார் என் தந்தையார். வெயிலைச் சொல்லிக் கட்டணத்தை மறைத்தார். ரயில்வே எழுத்தனாகிய எனக்கே அது விளங்க இரண்டாண்டுகள் ஆயின!

ஆகவே, அன்பர்களே! வருகிறீர்களா என்று கேளாதீர்கள். சீட்டை எடுத்து அனுப்புங்கள். 60 நாள் முன்னதாகவே பதிவு செய்யலாம். வயதைப் பிழையின்றிக் குறித்தால், இடமிருக்கும் வரை கீழ்ப்படுக்கை கிடைக்கும். வந்தவர்களை வீட்டுக்குக் காவல் வைக்காமல், கரோல்பாக் நண்பர் வீட்டுக்கும் மலை மந்திருக்கும் அழைத்துச் செல்லுங்கள்.

மறு ஆண்டு நான் அவ்வாறே செய்தேன். சீட்டு கைக்குக் கிடைத்த பின் தந்தையார் வெயிலைப் பற்றிப் பேசவேயில்லை.