இணையத்தளத்தின் திறவுகோல்
(சங்க ஆண்டுக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



நமது சங்கம் இணையத்தளம் ஒன்று அமைக்க எண்ணியிருப்பது மகிழ்ச்சிக்குரியது. கணினித் தொழில் கல்லாதாரும் தளம் நடத்துவதற்கு, 2003ஆம் ஆண்டில் வெளிவந்த வேர்ட்பிரஸ் என்னும் இலவச மென்பொருள் துணைபுரிகின்றது. ஊரார் காண்பது தளத்தின் முகப்பு. கட்டுரை ஏற்றுவதும், உறுப்பினரைச் சேர்ப்பதும் உள்ளேயிருக்கும் நிர்வாகப் பகுதியில். அதனை முதன்முதல் அமைக்கும் நாளில் கவனிக்க வேண்டியவை மூன்று.

முதலாவது, பயனர் பெயர். முற்காலத்தில் எல்லாத் தளங்களுக்கும் 'அட்மின்' என்ற ஒரே பெயர் தானாக அமைந்தது. 2010இல் வந்த 3.0 பதிப்பிலிருந்து நாமே பெயர் சூட்டலாம். 2013 ஏப்ரலில், 'அட்மின்' என்ற பெயரை வைத்துக் கடவுச்சொல்லை ஊகித்து நுழையும் பெருந்தாக்குதல் உலகெங்கும் நிகழ்ந்தது. ஆகவே வேறு பெயரும், நீண்ட கடவுச்சொல்லும் வேண்டும்.

இரண்டாவது, மின்னஞ்சல். கடவுச்சொல் மறந்தால் அதை மாற்றும் வழி அம்முகவரிக்கே வரும். அது தனியொருவருடையதாயிராது, சங்கத்தின் முகவரியாய் இருத்தல் வேண்டும்.

மூன்றாவது, அதிகாரப் பங்கீடு. பங்களிப்பாளர் எழுதலாம், வெளியிட முடியாது. பதிப்பாசிரியர் திருத்தி வெளியிடுவார். நிர்வாகியோ அனைத்தையும் மாற்றவும் அழிக்கவும் வல்லவர். அப்பொறுப்பை இருவருக்கு மட்டும் அளிப்போம். ஒருவர் இல்லாதபோது மற்றவர் உதவுவார்.

பெரியோர்களே, ஹற்றனிலும் நுவரெலியாவிலும் நம் பிள்ளைகள் வேலை தேடிக் கொழும்புக்கும் கடல் கடந்தும் செல்கின்றனர். தளம் அமைத்த தம்பி திறவுகோலோடு போய்விட்டால், நமது விழாப் படங்களும் முன்னோர் வரலாறும் பூட்டிய அறைக்குள் கிடக்குமன்றோ? கோயில் உண்டியலை நாம் ஒருவர் கையில் விடுவதில்லை; சபையார் முன்னிலையிலேயே திறக்கின்றோம்.

1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் தந்தைவழி முன்னோர் பிறந்த இடத்துக்குச் சான்று கேட்டபோது, பதிவுத் தாள் இல்லாமல் நம்மவர் பட்ட துயரைப் பெரியோர் அறிவர். நமது பதிவு நம் கையில் இருத்தல் வேண்டும் என்பதை நமக்கு வேறெவரும் கற்பிக்க வேண்டியதில்லை.

ஆதலின், ஆண்டுதோறும் புதிய நிர்வாகிகள் பொறுப்பேற்கும்போது, கூட்டக் குறிப்பேட்டுடனும் கணக்குப் புத்தகத்துடனும் தளத்தின் திறவுகோலையும் ஒப்படைத்து, அன்றே கடவுச்சொல்லை மாற்றும் வழக்கத்தை இவ்வாண்டே தொடங்குவோமாக.