மார்த்தாண்டத்துத் தேனும் நம் இண்டெம்னிட்டி பணமும்
(ஃபஹாஹீல் சபை ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



வெள்ளிக்கிழமை ஆராதனை முடிந்து வெளியே நிற்கும்போது நம் சகோதரர்கள் அடிக்கடி பேசுகிற பேச்சு ஒன்று உண்டு. "இன்னும் இரண்டு வருஷம். இண்டெம்னிட்டி பணத்தை வாங்கிக்கொண்டு ஊருக்குப் போய் ஒரு பண்ணை போட வேண்டும்." நல்ல ஆசைதான். ஆனால் அந்தப் பணம் ஒரு முறைதான் கையில் வரும். அதை மண்ணில் போடுமுன் யாரிடம் கேட்பது, எதை முதலில் பார்ப்பது என்பதைத்தான் இன்று பேசப்போகிறேன்.

நம்மில் பலர் குமரி மாவட்டத்துக்காரர்கள். நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரம் போகிற சாலையில் மார்த்தாண்டத்தைத் தாண்டாமல் போக முடியாது. அந்த ஊர் திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்த 1920களில், ஒய்.எம்.சி.ஏ. அங்கே ஒரு கிராம முன்னேற்ற மையத்தை நடத்தியது. ஒய்.எம்.சி.ஏ.வைக் கிராமங்களின் பக்கம் திருப்பியவர் சேலத்தில் பிறந்த கே. டி. பால். 1916இல் அதன் முதல் இந்தியத் தேசியப் பொதுச்செயலாளரானவர் அவர். மார்த்தாண்டத்து மையத்தை நடத்தியவர் அமெரிக்காவிலிருந்து வந்த ஸ்பென்சர் ஹாட்ச்.

ஹாட்ச் பணத்தைப் பங்கு வைக்கவில்லை, செய்து காட்டினார். தங்கள் கையாலேயே செய்யக்கூடியதை மக்கள் செய்ய வேண்டும், தெரிந்தவர் ஒருவர் பக்கத்தில் நின்று சொல்லித்தர வேண்டும் என்பது அவர் வழி. முட்டையையே பாருங்கள். நாட்டுக்கோழி முட்டையை வீட்டுக்கு வீடு தனித்தனியே விற்றால் வியாபாரி சொன்னதுதான் விலை. மார்த்தாண்டத்தில் நல்ல இனக் கோழியைக் கொடுத்ததோடு நிறுத்தவில்லை. முட்டைகளைச் சேர்த்து, தரம் பிரித்து, கூட்டுறவாக விற்கவும் கற்றுக்கொடுத்தார்கள். கோழியும் சந்தையும் ஒன்றாகவே வந்தன.

தேனும் அப்படித்தான். பிள்ளைகளே, பழைய காலத்தில் தேன் எடுப்பது எப்படித் தெரியுமா? மரப்பொந்தில் இருக்கும் கூட்டுக்குப் புகை போட்டு, அடையைப் பிய்த்துப் பிழிவார்கள். குஞ்சுகள் செத்துப்போகும், தேனும் கலங்கிவிடும். பெட்டியில் வளர்த்தால் கீழ் அறையில் ராணியும் குஞ்சுகளும், மேல் அறையில் தேன். மரச்சட்டத்தோடு அடையை வெளியே எடுத்து, இயந்திரத்தில் வைத்துச் சுற்றினால் தேன் மட்டும் தெறித்து வரும். வெற்று அடையைத் திரும்பப் பெட்டியில் வைத்துவிடலாம். தேனீ மறுபடி மெழுகு கட்டி அலைய வேண்டாம். நம் நாட்டுத் தேனீக்குப் பொருத்தமான சிறிய பெட்டியை அமைத்தவர் திருச்சியில் இருந்த நியூட்டன் என்ற குருவானவர். 1911 முதல் 1917 வரை அவர் பலருக்குப் பயிற்சி கொடுத்தார். மார்த்தாண்டத்தில் இந்தத் தொழில் வேர்பிடித்து, கூட்டுறவுச் சங்கமும் எழுந்தது. பிற்பாடு ரப்பர் தோட்டங்கள் பெருகியது இன்னும் வசதியாயிற்று. ரப்பர் மரம் இலையுதிர்த்துத் துளிர்க்கும்போது இலைக்காம்பின் நுனியிலேயே இனிப்பு நீர் சுரக்கும். பூ வேண்டியதில்லை!

எல்லாம் நன்றாகவே நடந்தது என்று நினைக்காதீர்கள். 1990களின் தொடக்கத்தில் தாய் சாக் புரூட் என்ற வைரஸ் நோய் வந்தது. புழுக்கள் பை போல வீங்கிச் செத்தன. குமரியிலும் கேரளத்திலும் பெரும்பாலான கூட்டங்கள் அழிந்தன. மருந்து கிடையாது. தப்பிப் பிழைத்த கூட்டங்களைத் தேடிப் பிரித்துப் பெருக்கித்தான் தொழிலை மீட்டார்கள். கடன் வாங்கி நூறு பெட்டி வைத்திருந்தவர் அன்று என்ன பாடு பட்டிருப்பார்!

இதற்கு நேர்மாறான கதை ஈமு கோழி. கொங்குப் பகுதியில் பெருந்துறைப் பக்கம் "முதலீடு செய்யுங்கள், பறவையும் தருகிறோம், மாதாமாதம் பணமும் தருகிறோம்" என்றார்கள். வளைகுடாப் பணமும் அங்கே போயிருக்கும் என்றே நினைக்கிறேன். ஈமு இறைச்சியை வாங்கிச் சாப்பிடுகிறவர் நம் தெருவில் எத்தனை பேர்? இந்தக் கேள்வியை யாரும் கேட்கவில்லை. 2012இல் எல்லாம் சரிந்தது. பறவைகள் பட்டினி கிடந்தன. அரசு தீவனம் போட வேண்டியதாயிற்று.

ஆகவே சகோதரரே, பண்ணை விளம்பரம் வாட்ஸ்அப்பில் வந்தால், விற்கிறவரிடமே ஆலோசனை கேட்காதீர்கள். ஆலோசனை சொல்வதற்கென்றே சம்பளம் வாங்குகிறவர்கள் ஊரில் இருக்கிறார்கள். நாட்டின் முதல் வேளாண் அறிவியல் நிலையம் 1974இல் புதுச்சேரியில் தொடங்கியது. குமரிக்காரருக்குத் திருப்பதிசாரத்தில் ஒன்று இருக்கிறது. பேச்சிப்பாறையில் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையமும் உண்டு. 1800-180-1551 என்ற கிசான் அழைப்பு மையத்தில் தமிழிலேயே பேசலாம். இங்கிருந்து கூப்பிடாமல், வீட்டில் இருப்பவர்களைக் கூப்பிடச் சொல்லுங்கள். என்ன நடலாம் என்பதோடு யார் வாங்குவார்கள் என்பதையும் கேட்கச் சொல்லுங்கள். இங்கே வஃப்ராவில் பிளாஸ்டிக் கூடாரத்துக்குள் வெள்ளரி விளைவதைப் பார்த்திருப்பீர்கள். அதை அப்படியே ஊரில் போட நினைக்கிறவர்களும் உண்டு. பாலைவனத்துக்குப் பொருந்தியது தோவாளைக்குப் பொருந்துமா என்று அங்கே இருக்கிறவரே சொல்லட்டும்.

பிள்ளைகளுக்கு ஒரு வேலை தருகிறேன். குமரியில் தேன் எடுப்பது ஜனவரியிலிருந்து மார்ச் வரை. உங்கள் பள்ளி விடுமுறையோ ஜூலையில். நீங்கள் போகும்போது மழை. பூவும் இல்லை, துளிரும் இல்லை. அப்பாவைக் கூட்டிக்கொண்டு ஒரு தேனீ வளர்ப்பவர் வீட்டுக்குப் போங்கள். அவர் சர்க்கரைப் பாகு காய்ச்சிப் பெட்டிக்குள் வைப்பதையும், எறும்பு ஏறாதபடி பெட்டியின் காலடியில் தண்ணீர் ஊற்றி வைத்திருப்பதையும் பாருங்கள். அந்த மாதங்களில் சர்க்கரைக்கு எவ்வளவு செலவாகிறது என்று அவரிடம் கேட்டு, ஒரு நோட்டில் எழுதி அப்பாவிடம் கொடுங்கள்.